கிரிலின் பச்சை வயிறு

அண்டார்டிக் கடலில் கோடையில் பிடித்த, கிரில் என்னும் இறால் போன்ற சிற்றுயிரி ஒன்றை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தால், அது கடைசியாக என்ன சாப்பிட்டது என்று சொல்லிவிடலாம். உடம்பு கண்ணாடி மாதிரி இருக்கும். ஓட்டில் அங்கங்கே சிவப்புப் புள்ளிகள், துருத்திக்கொண்டு நிற்கும் இரண்டு கருப்புக் கண்கள், கண்களுக்குச் சற்றுப் பின்னால் ஒரு பச்சைக் கறை. அந்தப் பச்சைதான் அதன் வயிறு. டயாட்டம் எனப்படும் ஒற்றைச் செல் பாசிகளை வயிறு முட்டத் தின்றிருக்கிறது. அவற்றின் நிறம் ஓட்டைத் தாண்டித் தெரிகிறது.

கிரில் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் அதை யார் சாப்பிடுகிறார்கள் என்பதோடு முடிந்துவிடும். பாடப்புத்தகப் படத்தில் பாசியிலிருந்து கிரிலுக்கு ஓர் அம்பு, கிரிலிலிருந்து திமிங்கிலத்துக்கு ஓர் அம்பு. அந்த அம்புகளில் தவறில்லை. ஆனால் நடுவில் இருக்கும் இந்த விரல் நீள உயிரி எப்படிச் சாப்பிடுகிறது, எதைத் துப்புகிறது, எங்கே கழிக்கிறது என்று கவனித்தால் அந்தப் படம் போதாது என்று புரியும். அண்டார்டிக்காவைச் சுற்றியுள்ள தென்கடலின் கணக்கு வழக்கில் பாதி கிரிலின் சாப்பாட்டு முறையில்தான் இருக்கிறது.

முதலில் பெயர். கிரில் என்றதும் ஜன்னல் கம்பி நினைவுக்கு வந்தால் குற்றமில்லை, தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். இது நார்வே மொழிச் சொல். பொடி மீன்குஞ்சுகளை அப்படி அழைத்தார்கள். பார்வைக்கு இறால் போல இருந்தாலும் இறாலின் வரிசையில் இது சேராது, தனி வரிசை. உலகக் கடல்களில் 86 இனங்கள் உண்டு. அவற்றில் பெரியவற்றுள் ஒன்று அண்டார்டிக் கிரில்: சுமார் 6 சென்டிமீட்டர் நீளம், அதிகம் போனால் 2 கிராம் எடை, ஐந்தாறு வருட ஆயுள். அந்த ஓர் இனத்தின் மொத்த எடை மட்டும் 30 முதல் 50 கோடி டன் வரை இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். மனித குலம் முழுவதையும் தராசில் ஏற்றினால் வரும் எடைக்கு ஏறக்குறைய சமம்.

ஜன்னல் கம்பி ஒப்புமை ஒரு வகையில் பொருத்தமாகவும் அமைந்துவிட்டது. கிரிலின் மார்புக்குக் கீழே ஆறு ஜோடிக் கால்கள் முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு காலிலும் வரிசையாக நீண்ட முடிகள், ஒவ்வொரு முடியிலும் இன்னும் நுண்ணிய முடிகள். கால்களைச் சேர்த்து வைத்தால் அது ஒரு கூடை. கூடையின் மிக நெருக்கமான இடங்களில் இடைவெளி 2, 3 மைக்ரோமீட்டர்தான். மனிதத் தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூடக் கிடையாது. நாம் மீன் பிடிக்கும் வலை எதுவும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது.

இந்தக் கூடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நீந்தினால் போதும், உணவு தானே வந்து சிக்கும் என்றுதான் முதலில் தோன்றும். கிரில் அப்படிச் செய்வதில்லை. வலை இவ்வளவு நெருக்கமாக இருந்தால் தண்ணீர் தானாக ஊடுருவாது, தேன் மாதிரி இழுத்துப் பிடிக்கும். அதனால் கிரில் அழுத்தித் தள்ளுகிறது. கால்களைச் சட்டென்று அகல விரிக்கும். முன்பக்கத்திலிருந்து தண்ணீர் உள்ளே பாயும். அப்புறம் கால்களை மூடும். தண்ணீர் பக்கவாட்டில் முடிகளின் வழியே பிதுங்கி வெளியேறும், பாசி உள்ளே தங்கும். இந்த விரித்து மூடும் வேலை ஒரு நொடிக்குள் சில தடவை நடந்துவிடும். முடிகளில் ஒட்டியதைச் சீவி எடுத்து வாய்ப்பக்கம் தள்ளவும் சீப்பு போன்ற தனி முடிகள் உண்டு.

பாசி செறிவாக உள்ள இடத்தில் கிரில் பைத்தியம் பிடித்த மாதிரி நடந்துகொள்ளும். நேராகப் போய்க்கொண்டிருந்தது திடீரென்று வேகத்தைக் கூட்டி, சிறு வட்டங்களாகச் சுற்றத் தொடங்கும். கிடைத்த திட்டை விட்டு வெளியே போய்விடக் கூடாது என்பதற்காகத்தான். பாசி மெலிந்த தண்ணீரில் கூடையை மூடி வைத்துக்கொண்டு தேடிக்கொண்டே போகும். சக்தியை எங்கே செலவழிக்க வேண்டும் என்பதில் படு கெட்டி.

சாப்பிடும் ஒழுங்கு மட்டும் மோசம். அள்ளியது அனைத்தும் வாய்க்குள் போவதில்லை. தேவைக்கு அதிகமாகச் சேர்ந்துவிட்டால் பாசியை உருண்டையாக்கித் துப்பிவிடும். ஆயிரக்கணக்கான பாசிச் செல்கள் ஒட்டிய அந்த உருண்டை மெல்ல அடியாழத்துக்குப் போகும். உள்ளே போனதும் முழுக்கச் செரிப்பதில்லை. டயாட்டத்துக்குச் சிலிக்காவால் ஆன கண்ணாடி ஓடு. அதை நொறுக்க வாயில் தாடைகள் இருக்கின்றன, வயிற்றுக்குள்ளும் ஓர் அரைவை ஏற்பாடு இருக்கிறது. அப்படியும் சில செல்கள் பாதி உடைந்த நிலையிலேயே வெளியே வந்துவிடும். கொட்டிச் சிந்திச் சாப்பிடும் இந்தப் பழக்கம் கடலுக்கு ஏன் நல்லது என்பது பின்னால் வரும்.

அந்த அரைவை எவ்வளவு வலுவானது என்பது 2018-ல் வேறு விதமாகத் தெரிய வந்தது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் வளர்த்த அண்டார்டிக் கிரில்களுக்குப் பாலிஎத்திலீன் நுண்துகள்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். உள்ளே போனவை நானோ அளவுக்குப் பொடியாகி வெளியே வந்தன. பிளாஸ்டிக்கை அது செரிக்கவில்லை, இன்னும் சின்னதாக்கிக் கடலுக்கே திருப்பித் தந்தது, அவ்வளவுதான். அதைவிடச் சின்ன உயிரிகள் விழுங்கத் தோதாக. இதைப் படித்துவிட்டு கிரில் கடலைச் சுத்தம் செய்கிறது என்று மகிழ்பவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

சைவம் என்ற முத்திரையும் கிரிலுக்குப் பொருந்தாது. கோப்பிபாட் எனும் பொடி ஓட்டுயிரிகள் கிடைத்தால் விடாது. தன் இனத்து முட்டையும் குஞ்சும்கூட அதன் கூடையில் சிக்கினால் உணவுதான். வட அட்லாண்டிக்கில் வாழும் வடக்கத்திக் கிரில் இன்னும் அதிகமாக இறைச்சி பக்கம் சாய்ந்தது. வெப்பக் கடல்களில் வாழும் ஸ்டைலோகெய்ரான் வகைக் கிரில்களுக்குக் கூடையைப் பற்றிய அக்கறையே இல்லை. ஒரு ஜோடிக் கால் மட்டும் மிக நீண்டு, நுனியில் பிடிப்பு ஊசிகளோடு இருக்கும். இரையைக் கண்ணால் பார்த்து, எட்டிப் பிடித்துத் தின்னும் வேட்டைக்காரர்கள் இவர்கள். ஒரே வரிசைக்குள் இத்தனை விதமான சாப்பாட்டுமுறை.

சரி, கோடையில் இப்படி. தென்துருவக் குளிர்காலத்தில் மாதக் கணக்கில் வெளிச்சமே இல்லை, கடல் உறைந்துவிடுகிறது, மிதவைப் பாசி ஏறக்குறைய காணாமல் போகிறது. அப்போது?

இங்கேதான் கடல்பனி உணவுத் தட்டாக மாறுகிறது. பனியின் அடிப்பக்கத்தில், உப்புநீர் தங்கும் சின்னச் சின்னப் பள்ளங்களிலும் குழிகளிலும் பாசி படிந்து வளரும். பனிக்குக் கீழே அனுப்பிய கேமராக்கள் அதைப் படம் பிடித்திருக்கின்றன: தலைகீழான புல்வெளி போலப் பழுப்புப் பாசி படர்ந்திருக்க, கிரில்கள் மல்லாந்து நீந்தியபடி கால் நுனிகளால் அதைச் சுரண்டி எடுக்கின்றன. அதே கூடைதான், இப்போது வடிகட்டியாக இல்லாமல் வாருகோலாக வேலை செய்கிறது. சுரண்டிய பாதைகளில் பனி வெள்ளையாகத் தெரியும்.

வளர்ந்த கிரில் இதுவும் இல்லாமல் தாக்குப்பிடிக்கும். பகல் நீளம் குறையத் தொடங்கியதுமே உடம்பின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், சேர்த்து வைத்த கொழுப்பை எரிக்கும். அதுவும் தீர்ந்தால் ஒரு விசித்திரமான வழி வைத்திருக்கிறது: உடம்பையே சுருக்கிக்கொள்ளும். 1982-ல் வெளியான ஓர் ஆய்வில் ஆய்வகக் கிரில்கள் உணவே இல்லாமல் 200 நாளுக்கு மேல் உயிரோடு இருந்தன. இந்த நாட்களிலும் ஓடு கழற்றுவதை அவை நிறுத்தவில்லை. வழக்கமாகப் புது ஓடு பழையதைவிடப் பெரிதாக இருக்கும். பட்டினியில் சிறியதாக வரும். கண் மட்டும் அந்த அளவுக்குச் சுருங்காது. அதனால் வலையில் சிக்கிய கிரிலின் உடம்புக்குக் கண் பெரிதாக இருந்தால், அது நல்ல நாள் பார்த்து, கெட்ட நாள் பட்டு வந்தது என்று ஊகிக்கலாம். நீளத்தை மட்டும் வைத்து கிரிலின் வயதைக் கணக்கிட்ட பழைய முறைகள் ஏன் தடுமாறின என்பதற்கும் இதில் பதில் இருக்கிறது.

குஞ்சுகளுக்கு இந்த வசதி கிடையாது. கிரில் முட்டைகள் இட்டவுடன் ஆழத்துக்குச் சரிந்து, 700 முதல் 1000 மீட்டர் வரையிலான இருட்டில் பொரிக்கின்றன. பொரித்த குஞ்சுக்கு வாயே இன்னும் வேலை செய்யாது. மஞ்சள்கருவில் மிச்சமிருக்கும் சக்தியை நம்பி வாரக் கணக்கில் மேல்நோக்கி ஏற வேண்டும். மேலே வந்து சேரும்போது கையிருப்பு தீர்ந்திருக்கும். உடனே சாப்பாடு கிடைக்காவிட்டால் கதை முடிந்தது. அதைத் தாண்டினால் முதல் குளிர்காலம். கொழுப்புச் சேமிப்பு இல்லாத அந்த வயதில் பனியடிப் பாசிதான் முக்கியமான ஆதாரம். எந்த வருடம் பனி நன்றாக உறைகிறதோ, அதற்கு அடுத்த வருடங்களில் இளம் கிரில் கூட்டம் பெருகுவதைத் தென்மேற்கு அட்லாண்டிக் பகுதியின் நீண்டகாலத் தரவுகள் காட்டியிருக்கின்றன.

இனி கிரில் யாருக்கு உணவாகிறது என்ற பக்கம்.

கடலில் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சக்திதான் கைமாறும் என்பது பொதுவான கணக்கு. பெரும்பாலான கடல்களில் பாசிக்கும் பெரிய விலங்குக்கும் நடுவில் நாலைந்து படிகள் இருப்பதால் உச்சியில் மிஞ்சுவது கொஞ்சம்தான். தென்கடலில் பாசி, கிரில், திமிங்கிலம் என்று மூன்றே படிகள். பூமியின் மிகப் பெரிய விலங்கு இவ்வளவு சிறிய இரையை நம்பி வாழ்வது முரண்பாடாகத் தோன்றலாம். நடுவில் தரகர்கள் இல்லாததால்தான் அது முடிகிறது. கிரில் கூட்டமாக வாழ்வது இன்னொரு காரணம். அடர்ந்த கூட்டத்தில் ஒரு கன மீட்டரில் 10,000-க்கும் மேல் இருக்கும். வாயை அகலத் திறந்து ஒரு தடவை பாய்ந்தால் திமிங்கிலத்துக்கு வாய் நிறையச் சாப்பாடு. நீலத் திமிங்கிலம் உணவுக் காலத்தில் நாளுக்குச் சராசரியாக 16 டன் கிரில் வரை விழுங்கும் என்று 2021-ல் வெளியான ஆய்வு சொன்னது. அதுவரை நம்பிவந்த அளவைப் போல மூன்று மடங்கு.

கூட்டமாக இருந்தால் திமிங்கிலத்துக்கு வசதி என்று தெரிந்தும் கிரில் ஏன் கூடுகிறது? பென்குயினும் சீலும் கிரிலை ஒவ்வொன்றாகக் குறிவைத்துப் பிடிக்கும் வேட்டைக்காரர்கள். அவற்றைக் குழப்பக் கூட்டம் உதவும். மொத்தமாக அள்ளும் வாய்க்கு எதிராக அது எடுபடவில்லை. பகலில் ஆழத்துக்கு இறங்குவதும் இரவில் மேலே வந்து மேய்வதும் கண்ணால் பார்த்து வேட்டையாடுபவர்களிடமிருந்து தப்பிக்கும் வழிதான். வயிறு நிறைந்த கிரில் இரவு முடியும் முன்பே கீழே சரிந்துவிடுவதும் உண்டு.

தின்பவர்கள் பட்டியல் நீளம். அடேலி, சின்ஸ்ட்ராப், ஜென்டூ பென்குயின்கள், தெற்கு ஜார்ஜியாத் தீவின் ரோமச் சீல்கள், ஆல்பட்ராஸ், கணவாய், பனிமீன்கள் என்று போகும். இதில் நின்று பார்க்க வேண்டியது நண்டுதின்னி சீல். பெயர் வைத்தவர் யாரோ, நண்டை அது தின்பதே இல்லை. சாப்பாட்டில் பெரும்பகுதி கிரில். அதன் கடைவாய்ப் பல் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் சாதாரணப் பல் மாதிரியே இருக்காது. ஒரே பல்லில் பல விரல்கள் முளைத்த மாதிரி வளைந்த கூர்முனைகள். மேல்பல்லும் கீழ்பல்லும் கோத்துக்கொண்டால் நடுவில் சின்னச் சின்ன இடைவெளிகள் மட்டும் மிஞ்சும். வாயில் அள்ளிய தண்ணீரை அதன் வழியே பிழிந்து வெளியேற்றிவிட்டு, கிரிலை மட்டும் வைத்துக்கொள்ளும். வடிகட்டித் தின்னும் கிரிலைத் தின்ன வடிகட்டியாகவே மாறிய பல்.

கிரில் சிந்திச் சாப்பிடுவது பறவைகளுக்கும் துப்புக் கொடுக்கிறது. பாசிச் செல்களை நசுக்கும்போது டைமெத்தில் சல்பைடு என்ற வாயு வெளியாகும். கடற்கரையில் வீசும் அந்த வாசனையில் இதற்குப் பங்கு உண்டு. பெட்ரல், பிரியான் வகைக் கடற்பறவைகள் சில இந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு பறந்து வருகின்றன என்று 1990-களிலிருந்தே ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கண்ணுக்கு எதுவும் தெரியாத கடற்பரப்பில், கீழே கிரில் மேய்ந்துகொண்டிருக்கிறது என்ற செய்தி காற்றில் போகிறது.

இப்போது ஒரு புதிர். 20-ஆம் நூற்றாண்டில் தென் அரைக்கோளத்தில் மட்டும் 20 லட்சம் திமிங்கிலங்களைக் கொன்று குவித்தார்கள். தின்பவர்கள் ஒழிந்தால் தின்னப்படுபவை பெருக வேண்டும். கிரில் பெருகிக் கடலை நிறைக்கும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். அப்படி நடக்கவில்லை. வேட்டைக்கு முன் அங்கிருந்த திமிங்கிலங்கள் வருடத்துக்கு 43 கோடி டன் கிரிலைத் தின்றிருக்கும் என்கிறது அதே 2021 ஆய்வு. இன்றைக்குத் தென்கடலில் உள்ள மொத்தக் கிரிலின் எடை மதிப்பீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவ்வளவு தின்றும் அன்று கிரில் தீரவில்லை.

இதற்கு இப்போது அதிகம் பேசப்படும் விளக்கம் இரும்பு. தென்கடலில் நைட்ரேட், பாஸ்பேட் தாராளம்; ஆனால் பாசிக்கு வேண்டிய இரும்பு பல இடங்களில் மிகக் குறைவு. கிரில் பாசியைத் தின்று அந்த இரும்பைத் தன் உடம்பில் சேர்க்கிறது. திமிங்கிலம் கிரிலைத் தின்று, தனக்கு வேண்டாத இரும்பை மேற்பரப்புக்கு அருகிலேயே கழிக்கிறது. கிரில் ஆய்வாளர் ஸ்டீபன் நிக்கோலும் குழுவினரும் 2010-ல் அளந்தபோது, திமிங்கிலக் கழிவில் இரும்பின் செறிவு சுற்றியுள்ள கடல்நீரைவிட ஏறக்குறைய ஒரு கோடி மடங்கு இருந்தது. தோட்டத்துக்கு உரம் போடுபவரும் அறுவடை செய்பவரும் ஒரே ஆள். அவரை விரட்டிய பிறகு விளைச்சல் கூடவில்லை என்றால் வியக்க என்ன இருக்கிறது? எனக்கு இந்த விளக்கம் பிடித்திருக்கிறது. எல்லாவற்றையும் இது ஒன்றே விளக்கிவிடும் என்று மட்டும் சொல்ல மாட்டேன். ரோமச் சீல்களும் பென்குயின்களும் மிஞ்சிய கிரிலில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டிருக்கும், கடலின் வெப்பமும் பனியும்கூட அதே காலத்தில் மாறின.

இரும்பு விஷயத்தில் கிரில் வெறும் பாத்திரமாகவும் இருப்பதில்லை. 2000-களில் அண்டார்டிக் தீபகற்பத்துக்கு அருகே ஆழ்கடல் ரோபோ ஒன்று 3000 மீட்டருக்கும் கீழே கடலடியில் மேய்ந்துகொண்டிருந்த கிரில்களைப் பார்த்தது. மேற்பரப்பு உயிரி என்று நினைத்திருந்தவர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி. 2011-ல் இன்னொரு குழு, மேலே பிடித்த கிரில்களின் வயிற்றிலேயே கடலடி வண்டலைக் கண்டது. கீழே போய் வண்டலோடு அழுகலைத் தின்றுவிட்டு, அதிலுள்ள இரும்பை மேலே சுமந்து வருகின்றன.

எதிர்த்திசையில் போவது கரி, அதாவது கார்பன். கிரிலின் கழிவு தளர்ந்து கரையும் சேறாக வராது. மெல்லிய சவ்வுக்குள் அடைத்த நீண்ட இழையாக வரும். நாளுக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் வேகத்தில் அடிக்குப் போகும். லட்சக்கணக்கான கிரில் ஒரே இடத்தில் மேயும்போது மழை மாதிரி இறங்கும் இந்த இழைகளைக் கீழே உள்ள உயிரிகளால் தின்று தீர்க்க முடிவதில்லை. துப்பிய உருண்டைகளும் கழற்றிப் போட்ட ஓடுகளும் சேர்ந்துகொள்ளும். பாசி காற்றிலிருந்து எடுத்த கரியில் ஒரு பகுதி இப்படி ஆழ்கடலுக்குப் போய், நீண்ட காலம் மேலே வராமல் தங்கிவிடுகிறது. ஒழுங்காகச் சிந்தாமல் சாப்பிட்டு, முழுதாகச் செரித்திருந்தால் இது நடந்திருக்காது.

தென்கடல் உணவு வலையை உடுக்கை போன்றது என்பார்கள்: கீழே பல வகைப் பாசிகள் அகலமாக, மேலே பல வகை விலங்குகள் அகலமாக, நடுவில் இடுப்பு மட்டும் சிறுத்து, அந்த இடுப்பில் ஒரே கிரில். படம் அழகாக இருப்பதாலேயே நான் கொஞ்சம் சந்தேகப்படுவேன். கோப்பிபாட், ஒளிரும் விளக்குமீன்கள் வழியாக வேறொரு பாதையும் ஓடுகிறது. கிரில் குறைந்த வருடங்களில் சில விலங்குகள் அதைப் பிடித்துக்கொள்கின்றன. ஆனால் அந்தப் பாதையில் படிகள் அதிகம், உச்சியில் மிஞ்சுவது குறைவு. கிரிலின் இடத்தில் சால்ப் என்ற வழவழப்பான உயிரி பெருகினாலும் இதே சிக்கல்தான். சால்பும் பாசியை வடிகட்டித் தின்னும், ஆனால் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர்; பென்குயினுக்கு அது ஈடாகாது.

இடுப்பு ஏற்கெனவே நகரத் தொடங்கிவிட்டது. தென்மேற்கு அட்லாண்டிக் பகுதியில் 1970-களிலிருந்து கிரிலின் அடர்த்தி குறைந்து, கூட்டத்தின் மையம் தெற்கே தீபகற்பத்துக் கரையை நோக்கி ஒதுங்கியிருக்கிறது என்று 2004, 2019 ஆய்வுகள் சொல்கின்றன. குறைவு எவ்வளவு என்பதில் விஞ்ஞானிகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அந்தப் பகுதி வெப்பமாவதிலும் பனிக்காலம் சுருங்கியதிலும் இல்லை.

அதே கரைக்குத்தான் மீன்பிடிக் கப்பல்களும் போகின்றன. பிடித்த கிரிலில் பெரும்பகுதி மீன் பண்ணைத் தீவனமாகவும் ஒமேகா-3 எண்ணெயாகவும் ஆகிறது. 1982-ல் நடைமுறைக்கு வந்த அண்டார்டிக் கடல்வாழ் வளப் பாதுகாப்பு உடன்படிக்கையின் ஆணையம், அந்த அட்லாண்டிக் பகுதிக்கு வருடத்துக்கு 6,20,000 டன் என்று வரம்பு வைத்திருக்கிறது. அங்குள்ள கிரிலில் அது சுமார் ஒரு சதவீதம். கேட்பதற்கு ஒன்றுமே இல்லை போல இருக்கும். ஆனால் பென்குயின் தன் கூட்டிலிருந்து நீந்திப் போய்த் திரும்பக்கூடிய தூரம் குறைவு. கடல் முழுக்கப் பரவிய ஒரு சதவீதமும், ஒரே விரிகுடாவில் சில வாரங்களில் அள்ளிய ஒரு சதவீதமும் அதற்கு ஒன்றல்ல. அதற்காகத்தான் இந்த வரம்பைச் சிறு பகுதிகளாகப் பிரித்து வைத்திருந்தார்கள். அந்தப் பிரிவினை ஏற்பாடு 2024-ல் காலாவதியானது. நாடுகள் அதைப் புதுப்பிக்க உடன்படவில்லை. அடுத்த பருவத்திலேயே, 2025 ஆகஸ்டில், முதல் தடவையாக முழு வரம்பும் எட்டப்பட்டு மீன்பிடிப்பை முன்கூட்டியே நிறுத்த வேண்டி வந்தது.

அங்கே மீன்பிடி ஆண்டு டிசம்பர் 1-ல் தொடங்குகிறது. பனி உடைந்து, டயாட்டம் பெருகி, கிரிலின் வயிறு மறுபடி பச்சையாகத் தொடங்குவதும் ஏறக்குறைய அப்போதுதான்.